40 அட்டை, ஒரு மரத் தாங்கி, பெட்டி நிறைய "யோசிக்காதீங்க"

மட்டக்களப்பு நகரத்துப் புத்தகசாலைகளிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அன்பளிப்புக் கடைகளிலும் ஒரு சின்னப் பெட்டி விற்பனையாகிறது. உள்ளே 40 அட்டைகள், அட்டையை நிறுத்தி வைக்க ஒரு மரத் தாங்கி, நாலாக மடித்த வழிகாட்டித் தாள் ஒன்று. காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டை எடுக்க வேண்டும், மேசையில் நிறுத்த வேண்டும், மனம் "பொசிட்டிவ்" ஆகிவிடும். விலை 1,450 ரூபாய். தயாரித்தவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்த மாதிரி நாலைந்து பெட்டிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடக்குறையப் பொருந்தும்.

வீட்டு மேசையோடு இது நின்றிருந்தால் மதிப்புரை எழுத வேலையில்லை. முன்பள்ளி ஆசிரியர்கள், பாடசாலைகளில் உளவளத்துணைக்குப் பொறுப்பானவர்கள், மாதர் சங்கங்கள், கிராமங்களில் உளசமூக வேலை செய்வோர் என்று பலரும் இதைக் "கருவி" என்ற பெயரில் வாங்கிக் குழுக்களில் பயன்படுத்துகிறார்கள். மரண வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது ஓர் அட்டையைக் கையில் வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மேசையில் சும்மா நிற்கும் வசனம் ஒன்று. அழுதுகொண்டிருப்பவர் கையில் திணிக்கும் வசனம் வேறொன்று.

முதலில் அச்சும் அட்டையும். 9 சென்ரிமீற்றர் அகலம், 13 சென்ரிமீற்றர் உயரம், தடிப்பு போதும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் லமினேட் செய்திருக்கிறார்கள். எங்கள் கடற்காற்றுக்கு மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி, சில வாரங்களில் அட்டை வில்லாக வளைந்துவிடும். ஓர் இரவு தடித்த புத்தகத்துக்கு அடியில் வைத்தால் நிமிரும், பிறகு மறுபடி வளையும். எழுத்து மெல்லிய வளைவெழுத்து. 50 வயதைத் தாண்டியவருக்குக் கண்ணாடி வேண்டும். படங்களில் பாதி பனி மூடிய மலை. வாகரையிலும் திருக்கோவிலிலும் பனிமலையைப் பார்த்து மனம் ஆறிய யாரையும் நாங்கள் அறியோம். மூன்று அட்டைகளில் குத்துவிளக்கு இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருக்கும் குழுவுக்கு இதைக் கொண்டுபோகிறவர் அந்த மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. வாங்கியவர் செய்ய வேண்டிய வேலையல்ல இது, தயாரித்தவர் யோசித்திருக்க வேண்டியது.

இனி உள்ளடக்கம். 40 அட்டைகளையும் மேசையில் பரப்பினால் மூன்று குவியலாகப் பிரியும். கேள்வி கேட்கும் அட்டைகள் 9. மூச்சு, நடை, தண்ணீர் குடித்தல் என்று உடம்புக்கு ஏதாவது செய்யச் சொல்பவை 7. மிச்சம் 24ம் வாசகங்கள்: "கவலையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா", "சிரிப்பே மருந்து, இன்றே குடி", "நடந்ததெல்லாம் நன்மைக்கே", "உன்னிலும் துன்பப்படுவோரை எண்ணிப் பார்". பெட்டி விலைபோவது இந்த 24ஆல். பழுதும் இந்த 24இல்தான்.

டொக்சிக் பொசிட்டிவிட்டி என்று இன்று எல்லோரும் சொல்லும் பொருள் இது. நம்பிக்கையாக இருப்பதில் நஞ்சு எதுவும் இல்லை. துக்கமோ கோபமோ பயமோ வந்த இடத்தில் அதைக் கேட்காமலே நல்லதை மட்டும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தும்போது அது நஞ்சாகிறது. மேலைநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பேச்சிலேயே இதற்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. காது பழகினால் மரண வீட்டு வாசலிலேயே பிடித்துவிடலாம்.

முதலாவது "யோசிக்காதீங்க". எங்கள் பேச்சில் யோசிப்பது என்றால் சிந்திப்பதும் கவலைப்படுவதும் இரண்டும்தான். ஆகவே கவலைப்படாதே என்று சொல்ல நினைத்து, உன் மனதை நிறுத்து என்று சொல்லிவிடுகிறோம். நிறுத்த முடியுமா? 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கக்கூடாது என்றால், நினைக்கிறோமா என்று மனம் தன்னைத்தானே காவல் பார்க்கிறது. அந்தக் காவலே நினைவைத் திரும்பத் திரும்ப உள்ளே கூட்டி வருகிறது. பெட்டியில் "யோசிக்காதே" என்ற பொருளில் மட்டும் 5 அட்டைகள் இருக்கின்றன.

இரண்டாவது "ஆவது". "உசிராவது மிஞ்சிச்சே", "மத்தப் புள்ளையாவது இருக்கே", "வீடாவது கெடச்சிதே". இழந்ததைச் சொல்ல வந்தவருக்கு மிஞ்சியதைக் கணக்குக் காட்டும் விகுதி இது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் இந்த "ஆவது" எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆழிப்பேரலையில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியில் சொல்லக்கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. உயிர் தப்பியதே உங்கள் அதிர்ஷ்டம் என்ற கருத்து அதில் நேராகவே இடம்பெறுகிறது. பெட்டியின் 17ஆம் அட்டை அதையே அழகான எழுத்தில் சொல்கிறது.

மூன்றாவது "தானே". "காலம் ஆத்தும்தானே", "எல்லாருக்கும் வாறதுதானே". வாக்கியத்தின் வாலில் தானே வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் ஓம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல இடமில்லை. ஓம் என்கிறார். தலையாட்டுகிறார். ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நாங்கள் எழும்பிவிடுகிறோம்.

இந்த வாசகங்களால் யாருக்கும் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. களைத்துப்போன ஆனால் அடிப்படையில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு "இன்றும் ஒரு நாள், பார்ப்போம்" என்ற அட்டை சின்ன உந்துதல் தரும். ஆனால் யாருக்கு உதவ இந்தப் பெட்டி வாங்கப்படுகிறதோ அவருக்கே அது எதிராக வேலை செய்யக்கூடும். கனடாவின் ஜோன் வூட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தன்மதிப்புக் குறைந்தவர்களிடம் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை தாழ்ந்தது. சொல்லும் வசனத்தை உள்ளே ஒரு குரல் மறுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மறுப்பும் ஒருமுறை கேட்கும். பெட்டியின் 8, 22, 31ஆம் அட்டைகள் கண்ணாடி முன் நின்று மூன்று முறை சொல்லச் சொல்கின்றன. இந்த மூன்றையும் குழுவில் பயன்படுத்தவே வேண்டாம்.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவது பற்றி ஜேம்ஸ் குரொஸ், ரொபேட் லெவன்சன் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வும் இந்த இடத்தில் பொருந்தும். துயரமான படக்காட்சியைப் பார்த்துக்கொண்டே முகத்தை அசையாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். முகம் அசையவில்லை. உள்ளே துயரமும் குறையவில்லை, உடம்பின் பதற்றம் மட்டும் கூடியது. "சிரித்த முகமே சிறந்த முகம்" என்ற 3ஆம் அட்டையை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

"நடந்ததெல்லாம் நன்மைக்கே" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 12ஆம் அட்டை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் பிள்ளை எங்கே என்று தெரியாமல் முப்பது வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். 1990இல் கூட்டிக்கொண்டு போனதுதான், பிறகு செய்தியே இல்லை. இப்படியான இழப்புக்குத் "தெளிவற்ற இழப்பு" என்று பெயர் வைத்தவர் போலீன் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உளவியலாளர். உடலும் இல்லை, 31ஆம் நாளும் இல்லை; திவசம் கொடுத்தால் நாங்களே கொன்ற மாதிரி, கொடுக்காவிட்டால் கைவிட்ட மாதிரி. இந்தத் தாயிடம் "வருவான், நம்புங்க" என்பதும் தவறு, "ஏத்துக்கொள்ளுங்க" என்பதும் தவறு. பொஸ் சொல்லும் வழி இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க இடம் கொடுப்பது: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சுமந்துகொண்டே இன்றைக்குச் சோறு சமைக்க வேண்டும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். 12ஆம் அட்டையை அவர் கையில் கொடுப்பது, பிள்ளை போனதும் நல்லதுக்கே என்று அவர் வாயாலேயே வாசிக்க வைப்பதாகும். இதைத் தெரிந்து செய்பவர் யாருமில்லை. குலுக்கல் முறையில் அட்டை எடுக்கச் சொன்னால் தெரியாமலே நடந்துவிடும்.

எங்கள் ஊரில் இதைவிட நல்ல முறைகள் எப்போதோ இருந்தன. யுத்தகாலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றிப் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் விரிவாக எழுதியிருக்கிறார். காணாமல் போன பிள்ளையைத் தேடிவரும் தாயின் வேதனையை அந்தப் பெண் தன் உடம்பிலேயே ஏந்தி ஆடுவார், அழுவார். அதை நம்புவதா என்ற விவாதம் வேறு. வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில் அழுகைக்கு அந்த இடம் தடை போடவில்லை. ஒப்பாரிக்கும் இதே இயல்பு உண்டு. ஒப்பாரியில் யாரும் யாரையும் "அழாதே" என்பதில்லை. ஒருத்தி நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவள் எடுப்பாள்.

பக்தி வாசக அட்டைகள் 6. "இறைவன் தாங்க முடியாத பாரம் தருவதில்லை" என்ற வகை. இவற்றை நாங்கள் எறியச் சொல்லவில்லை, வேறு மாதிரிப் பயன்படுத்தச் சொல்கிறோம். துயரத்தில் இருப்பவர் தானாக "அல்லாஹ் நாடினது" என்றோ "அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா" என்றோ சொன்னால் அது அவருடைய ஊன்றுகோல். அதைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். பார்க்க வந்தவர் கொண்டுவந்து வைத்தால் அதே வாசகம் அழுகையின் மேல் வைத்த மூடி. மௌத்து வீட்டில் "ஸபர் செய்ங்க ராத்தா" (பொறுமையா இருங்க அக்கா) என்பதை அழுகையை நிறுத்தும் கட்டளையாகச் சொல்கிறவர்கள், நபிகளார் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டதையும் கண் அழுகிறது, உள்ளம் துயரப்படுகிறது என்று சொன்னதையும் சேர்த்தே நினைவில் கொள்ளலாம். நண்பர் லாசரு இறந்தபோது இயேசுவும் அழுதார்.

சரி, வாங்கியாயிற்று, அல்லது அலுவலகத்தில் யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள். என்ன செய்வது? கத்தரிக்கோலும் மாக்கர் பேனையும் எடுங்கள். அரை மணித்தியால வேலை.

24 வாசகங்களில் 13ஐ எடுத்து விலக்குங்கள்: யோசிக்காதே வகை 5, கண்ணாடி முன் சொல்லும் 3, அடுத்தவர் துன்பத்தோடு ஒப்பிடும் 3, 12ஆவது, 17ஆவது. பக்தி அட்டைகள் 6ஐயும் தனி உறையில் போட்டு வையுங்கள்; யாராவது கேட்டால் மட்டும் எடுக்கலாம். மிச்சம் 5 வாசகங்களை மறுபக்கம் திருப்பினால் லமினேட் இல்லாத வெறும் பக்கம் இருக்கும், மாக்கர் நன்றாகப் பிடிக்கும். (ஒரு பக்கம் மட்டும் லமினேட் செய்தது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வசதி.) அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் கேள்வி எழுதுங்கள். "நன்றி சொல், மனம் லேசாகும்" என்பதன் பின்னால் "இண்டைக்கு எது பாரமா இருந்த? எது கொஞ்சம் தாங்கிப் பிடிச்ச?" என்று எழுதலாம். இரண்டு பாதியும் வேண்டும், இந்த ஒழுங்கிலேயே வேண்டும். நன்றியை முதலில் கேட்டால் பாரத்தைச் சொல்ல வாய் வராது. 3ஆம் அட்டையின் பின்னால் "சிரிச்சுச் சமாளிச்ச நேரம் ஏதும் இருந்ததா?" என்பது பொருத்தமாக இருக்கும்.

கேள்வி அட்டைகள் 9ம் உண்மையிலேயே நல்லவை. இவற்றை எழுதியவரும் வாசகங்களை எழுதியவரும் ஒருவராக இருக்க முடியாது. ஆகச் சிறந்தது 26ஆவது: "இப்போது உன் உடம்பில் எந்த இடம் பேசுகிறது?" எங்கள் சனம் மனதைப் பற்றி நேரே பேசுவது குறைவு. நெஞ்சு பாரமாகக் கிடக்கு, வயிறு எரியுது, தலை கொதிக்கிது, கைகால் விட்டுப்போச்சு என்றுதான் சொல்வார்கள். இந்த அட்டை அந்தக் கதவைத் திறக்கிறது. உடம்பிலிருந்து தொடங்கி உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்வரை போகலாம்: நெஞ்சு பாரம் என்றால் அது கவலையா, பயமா, ஆத்திரமா, வெட்கமா? பெயர் வைப்பதே கொஞ்சம் ஆற்றும். மத்தியூ லீபர்மன் குழுவின் 2007 மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாப் பகுதியின் எழுச்சி குறைந்தது.

குழுவில் பயன்படுத்தும் முறை பற்றி வழிகாட்டித் தாள் சொல்வது அநேகமாகத் தவறு. குலுக்கி எடுக்கச் சொல்கிறது, வேண்டாம். அட்டைகளை முகம் மேலே தெரியப் பாயில் பரப்புங்கள், அவரவர் பார்த்து எடுக்கட்டும், எடுக்காமலும் விடட்டும். 20, 30 பேருக்கு நடத்தலாம் என்கிறது. 8 பேர் நல்லது, 10 பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு ஆறு ஏழு நிமிடம் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவர்கள் அவசரமாக "எனக்கு ஒண்டுமில்ல" என்று முடித்துவிடுவார்கள். நடத்துபவர் ஒருவர் போதும் என்கிறது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழும்பி வெளியே போனால் மற்றவர் பின்னால் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும், கூப்பிட்டு உள்ளே கொண்டுவருவதற்காக அல்ல. கைதட்டச் சொல்கிறது. ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கைதட்டுவதா? பகிர்ந்த பிறகு பத்து எண்ணும் அளவுக்குச் சும்மா இருங்கள். பத்து செக்கன் மிக நீளமாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் பலர் சொல்ல வந்ததன் மிச்சத்தைச் சொல்வார்கள்.

இன்னொரு விதி, தாளில் இல்லாதது: யாரும் மற்றவருக்கு அட்டை எடுத்துக் கொடுக்கக்கூடாது. "இது உனக்குத்தான்டி எழுதின மாதிரி" என்று நீட்டும் கை அன்பானதுதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அட்டை புத்திமதி ஆகிவிடுகிறது.

அட்டை திறந்துவிட்ட பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது? தாள் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பெட்டியின் ஆகப் பெரிய குறை இதுதான். நுண்கடன் எடுத்த ஒரு பெண், பக்கத்து வீட்டு அக்கா. இப்படிப் போவது வழமை:

"என்னகா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"
"ராவு ராவா நித்திரை இல்லக்கா. லோன்காரன் நாளைக்கு வாறான்."
"அதெல்லாம் யோசிக்காத புள்ள. ஆருக்குத்தான் கடன் இல்ல? உனக்குப் புள்ளையளாவது சுகமா இருக்கே."
"ஓம் அக்கா."

முடிந்தது. மூன்று அடையாளத்தில் இரண்டு வந்துவிட்டன. அதே இடத்தில் வேறு மாதிரி:

"ராவு ராவா நித்திரை இல்லக்கா. லோன்காரன் நாளைக்கு வாறான்."
"நாளைக்கா? அதான் நித்திரையும் போயிட்டு."
"அவன் வாசல்ல நிண்டு சத்தம் போட்டா அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் எட்டிப் பாக்கும்."
"காசைவிட அந்த வெக்கம்தான் உன்ன அரிக்குது போல."
"ஓம் அக்கா. அதுதான்."
"நாளைக்கு அவன் வாற நேரம் நான் இஞ்ச வந்து இருக்கட்டா? இல்லாட்டி வேற என்ன செஞ்சா உனக்கு லேசா இருக்கும்?"

இரண்டாவதில் அக்கா சொன்னது மூன்றே மூன்று பதில். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அடியில் கிடந்த உணர்ச்சியைத் தொட்டார். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார், அதுவும் தானாக முடிவெடுக்காமல். இரண்டு "ஓம்"களும் எழுத்தில் ஒன்று, பேச்சில் வேறு. முதலாவது பேச்சை மூடுகிறது, இரண்டாவது திறக்கிறது. "போல" என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒத்துணர்வுக்குத் தமிழ் தந்த நல்ல கருவி அது. உனக்கு வெட்கம் என்று தீர்ப்புச் சொன்னால் பிழையானால் பிழைதான். "போல" என்றால் பிழையாக இருந்தாலும் "இல்லக்கா, வெக்கமில்ல, பயம்" என்று அவளே திருத்துவாள். திருத்தியதும் நாங்கள் இன்னும் ஒரு படி கிட்டப் போய்விட்டோம். கார்ல் ரொஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் ஒத்துணர்வைப் பற்றி எழுதும்போது மற்றவர் உலகத்தைத் தன் உலகம் போலவே உணர்வது, ஆனால் அந்தப் "போல" தவறிப்போகாமல் உணர்வது என்ற பொருளில் விளக்கினார். அந்தப் "போல" தவறிப்போனால் கேட்கிறவரும் சேர்ந்து அழுது, கடைசியில் ஆறுதல் தேவைப்படுவது அவருக்காகிவிடும். இதுவும் குழுக்களில் நடப்பதுதான்.

"எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்குவதும் ஒத்துணர்வாகத் தோன்றும். அரை நிமிடத்தில் கதை எங்களுடையதாக மாறிவிடும். புத்திமதி இன்னொரு பொறி. கடனை எப்படி அடைப்பது என்ற ஆலோசனை தேவைதான், ஆனால் அது பேச்சின் பின்பாதிக்கு உரியது. முன்பாதியில் சொன்னால் காதில் ஏறாது.

பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி பொருந்துமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. 12 வயதுக்குக் கீழே பொருந்தாது. அந்த வயதில் துயரம் வசனமாக வராது. வயிற்றுவலியாக, அடிபிடியாக, கொப்பி எழுதாமையாக வரும். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணையும் வர்ணத்தையும் கதையையும் நாடகத்தையும் கொடுத்தார்கள், வாசகம் கொடுக்கவில்லை. வகுப்பறைக்கு வேண்டுமானால் பெட்டியிலிருந்து 7 உடம்பு அட்டைகளை மட்டும் எடுங்கள். மூச்சு அட்டையில் உள்ள 7 எண்ணும் வரை மூச்சைப் பிடி என்ற அறிவுறுத்தல் சிறுவருக்குக் கூடுதல், சிலருக்குத் தலைசுற்றும். நாலு எண்ணி இழுத்து, பிடிக்காமல், ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள். உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளிடம் "தோல்வி என்பதே இல்லை" அட்டையைக் காட்டவே வேண்டாம். பெறுபேறு வந்த அன்று அந்த வசனம் என்ன செய்யும் என்று பாருங்கள்.

வழிகாட்டித் தாளில் விடுபட்ட இன்னொன்று ஆபத்தானது. எப்போது அட்டையைக் கீழே வைத்துவிட்டு வேறு உதவி தேட வேண்டும் என்பதே அதில் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, வேலை குலைந்து கிடந்தாலோ, பேச்சில் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" என்ற மாதிரி வந்தாலோ, நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேணும் எண்ட எண்ணம் வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டதற்குப் பெரும்பாலும் நிம்மதிதான் வரும். ஓம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல் இருந்தால் அன்றே வேறொரு வீட்டுக்கு மாற்றுங்கள். மிகக் கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகே இந்த நாட்டில் தற்கொலை வீதம் பெருமளவு இறங்கியது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கம் நாள் முழுக்கத் திறந்திருக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டாம். முதல் அழைப்பை எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள், முதல் நாள் கூடவே போங்கள். மேலே சொன்ன 2011 உளவியல் முதலுதவி வழிகாட்டி சொல்லும் பார், கேள், இணை என்ற மூன்றில் எங்கள் பக்கத்தில் அடிக்கடி அறுந்து போவது கடைசி. பெட்டி தயாரித்தவர்கள் அடுத்த பதிப்பில் 12ஆம் அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 1926ஐப் பெரிதாக அடிக்கலாம்.

1,450 ரூபாய்க்குத் தகுமா? தனக்கென்று மேசையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வாங்கட்டும், தீங்கில்லை. கிராமக் குழுவுக்கு என்றால் எங்கள் பதில் இல்லை. பிறிஸ்டல் போட் இரண்டு வாங்கி, அதே அளவில் 20 துண்டு வெட்டி, மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளை அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதினால் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். காத்தான்குடிக்கு ஒரு கட்டு, கொக்கட்டிச்சோலைக்கு ஒரு கட்டு என்று சொல்லை மாற்றி எழுதவும் முடியும். அலுவலகங்கள் மொத்தமாக 50 பெட்டி வாங்கிப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தில் இருந்தால், அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் செவிமடுத்தல் பயிற்சி ஒன்று வைக்கலாம். கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துப் போடப் பெட்டிதான் வசதி என்பது எங்களுக்கும் தெரியும்.

மரண வீட்டுக்கு அட்டை கொண்டுபோக வேண்டாம். சீனி, தேயிலை, ஒரு பை அரிசி கொண்டுபோங்கள். போய் "என்ன நடந்த?" என்று கேட்டுவிட்டுப் பாயில் இருங்கள்.

மரத் தாங்கி மட்டும் குறை சொல்ல முடியாதது. தேக்கு மாதிரித்தான் இருக்கிறது, அடி ஆடுவதில்லை, பள்ளம் சரியான அகலம். வீடியோ அழைப்பு எடுக்கும்போது தொலைபேசியை நிறுத்தி வைக்க நல்லது.